இடது சீட்டிலிருந்து இறங்கியவர்

அத்தியாயம் 6

வேலை சுலபம் என்று செயலாளர் மூன்று முறை சொன்னார். ஒரு முறை சொல்லியிருந்தால் சின்னவர் நம்பியிருப்பார்.

செயலாளர் வணிகர் சங்கத்துக்குச் செயலாளர், அடுத்த தெருவில் இரும்புக்கடைக்கு முதலாளி. துப்பறியும் ஆபீசின் வாடிக்கையாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலி கொஞ்சம் உயரம், அவர் கொஞ்சம் குள்ளம். இரண்டு கால்களும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தன.

மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணி. அது பெரியவரின் இடம். பெரியவர் என்றால் சின்னவரின் அண்ணன், அண்ணியின் கணவர், இந்த ஆபீசைத் தொடங்கியவர். அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அந்த நாற்காலியில் அண்ணி உட்கார ஆரம்பித்து மூன்று மாதம்தான். அதற்கு முன்பு எட்டு மாதம் அது காலியாகவே இருந்தது. சின்னவர் தினமும் அதைத் துடைத்து வைத்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது. ஆனாலும் சின்னவர்தான். பெரியவர் இல்லாததால் சின்னவருக்குப் பதவி உயர்வு எதுவும் கிடைத்துவிடவில்லை.

"ஒரு பார்வை பார்த்துட்டு, 'விசாரித்தோம், எல்லாம் உண்மை'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்மா" என்றார் செயலாளர். "சுலபமான வேலை."

"நாலு" என்றார் சின்னவர்.

"என்ன நாலு?"

"ஒண்ணுமில்ல சார். எனக்கு எண்ணிக்கிட்டே இருக்கிற வியாதி."

அண்ணி கடிதத்தைப் பிரித்துப் படித்தார்.

'ஐயா, பதினெட்டு வருடங்களாக நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இம்மாதம் ஆறாம் தேதி காலை நான் தனியாக ஓட்டிச் சென்றபோது என் கார் விளக்குக் கம்பத்தில் மோதி, சரிசெய்ய முடியாதபடி நொறுங்கிவிட்டது. யார்மீதும் குறையில்லை. மாத முடிவுக்குள் வேறு வண்டி காட்டாவிட்டால் என் பயிற்சிப் பள்ளியின் உரிமம் ரத்தாகிவிடும். பழைய வண்டியாக இருந்தாலும் போதும். பயிற்சியாளருக்கான இரண்டாவது பிரேக்கை நானே பொருத்திக்கொள்வேன். சங்கம் உதவ வேண்டுகிறேன்.'

"இதுல யாருக்கு என்ன சந்தேகம்?"

"மில்காரருக்கு" என்றார் செயலாளர். மாவு மில் வைத்திருக்கும் கமிட்டி உறுப்பினரைச் சொன்னார். "ஊருக்கே ஓட்டச் சொல்லிக்குடுக்கிறவங்க, ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்ல போய்க் கம்பத்துல முட்டுவாங்களான்னு கேக்கறார். அந்த ரோட்ல ஆறேகால் மணிக்குப் பனி எப்படி இருக்கும்னு அவருக்கு என்ன தெரியும்? விதியை வேற காட்டறார். விண்ணப்பத்துல ஒரு வரி பொய்யா இருந்தாலும் தள்ளுபடி. அப்புறம் மூணு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. இன்னிக்கு சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள உங்க ஒரு வரி வேணும்."

"சரி."

செயலாளர் நாற்காலியிலிருந்து ஒரு சின்னக் குதி குதித்து இறங்கிப் போனார்.

"மில்காரர் கேட்டது நியாயமான கேள்விதான்" என்றார் அண்ணி.

"அண்ணி, எனக்கு எல்லாக் கேள்வியும் நியாயமாத்தான் தெரியும். பதில் வரும்போதுதான் தலைவலி."

*

கடிதம் எழுதிய டீச்சரம்மாவின் வீட்டு முன்னறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

மர நாற்காலிகள் இரண்டு அடுத்தடுத்துப் போடப்பட்டிருந்தன. வலது நாற்காலியில் ஐம்பது வயது தபால்காரர் ஒருவர், அலுமினிய மூடி ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சுவரை முறைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் செங்கற்கள் மூன்று. இடது நாற்காலியில் டீச்சரம்மா. அவர் காலடியில் ஒரே ஒரு செங்கல்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்றார் டீச்சரம்மா.

தபால்காரர் இடது செங்கல்லிலிருந்து காலை மெதுவாக எடுத்தார்.

"வண்டி நின்னுடுச்சு."

"எப்படித் தெரியும் டீச்சர்?"

"எனக்குத் தெரியும். திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

அண்ணியோடு வாசலில் நின்றபடி சின்னவர் கேட்டார். "உள்ள வரலாமா, இல்ல ஹாரன் அடிச்சிட்டு வரணுமா?"

டீச்சரம்மா எழுந்தார். எழுந்தார் என்று சொன்னால் போதாது. எழுந்துகொண்டே இருந்தார். முழுசாக எழுந்து முடித்தபோது சின்னவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. உள்ளறைக்குப் போகத் தலையைக் குனிந்துகொண்டார். தினமும் குனிந்து பழகிய குனிவு.

"பரீட்சைக்குப் பதினோரு பேர் இருக்காங்க" என்றார் டீச்சரம்மா, யாரும் கேட்காமலே. "வேற பள்ளிக்கு அனுப்பிடலாம். அங்க போனா திட்டுவாங்க. இவங்க எல்லாரும் ஏற்கெனவே எங்கேயோ திட்டு வாங்கிட்டுத்தான் என்கிட்ட வந்தவங்க. பாதிப் பேர் கத்துக்கறதே வீட்டுக்குத் தெரியாது. நானும் யாரு பேரையும் வெளியில சொல்றதில்ல."

"ஆறாம் தேதி என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் அண்ணி.

"கடிதத்துல இருக்கே."

"தனியாவா போனீங்க?"

"கடிதத்துல இருக்கு."

"இந்த ரவிக்கை ஓரத்துல தெரியுதே, அது?"

டீச்சரம்மாவின் கை தானாக இடது தோளுக்குப் போயிற்று. கழுத்தோரத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு தடம் கன்றிப்போய் இறங்கியிருந்தது.

"பெல்ட் அழுத்தினது. ஆறிட்டு வருது."

"உரிமம் போயிட்டா என்ன செய்வீங்க?"

முன்னறையில் தபால்காரர் சுவரைப் பார்த்து மூன்றாவது கியருக்கு மாறிக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேற எதுவும் தெரியாதும்மா" என்றார் டீச்சரம்மா. "இந்தச் சீட்டுல உட்கார மட்டும்தான் தெரியும்."

தெருவுக்கு வந்ததும் அண்ணி நின்றார்.

"தம்பி, டிரைவர் சீட்டுல பெல்ட் எந்தத் தோள் மேல வரும்?"

சின்னவர் ஆகாயத்தில் ஒரு பெல்ட்டை இழுத்து மாட்டிப் பார்த்தார். "வலது தோள்."

"அவங்களுக்கு இடது தோள்ல கன்றியிருக்கு."

"பெல்ட்டைத் திருப்பிப் போட்டிருப்பாங்க."

அண்ணி அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். சின்னவரின் நகைச்சுவைக்குச் சொந்த வீட்டில் கிடைத்துவந்த மரியாதை பெரியவர் காலத்திலிருந்தே அவ்வளவுதான்.

*

ஒர்க் ஷாப்பின் பின்புறம் அந்தக் கார் நின்றது. முகம் இடது பக்கமாக உள்ளே போயிருந்தது. பல் போன ஆள் சிரிக்காமல் இருப்பதுபோல இருந்தது.

"யாராவது தொட்டீங்களா?" அண்ணி மெக்கானிக்கைக் கேட்டார்.

"கட்டியிழுத்துக் கொண்டாந்து விட்டதோட சரி. தொட்டா கூலி கேட்பேன்னு டீச்சரம்மாவுக்குத் தெரியும். கூலி வாங்கிட்டாலும் இது எழுந்திருக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"தம்பி, ஏறி டிரைவர் சீட்டுல உட்காருங்க."

சின்னவர் கதவைத் திறந்தார். காலை விட்டார். இடுப்பை விட்டார். அதற்குமேல் எதுவும் போகவில்லை. சீட் கடைசிவரை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கனமான குஷன் ஒன்று. ஸ்டீரிங் அவர் வயிற்றில் பதிந்தது, தலை கூரையில் இடித்தது.

"உட்கார்ந்துட்டேன்" என்றார் சின்னவர். "இனிமே இதுதான் என் வீடு. சாப்பாட்டை ஜன்னல் வழியா குடுத்துடுங்க."

மெக்கானிக் சிரிக்காமல் விளக்கினார். "குஷன் குள்ளமானவங்க வந்தா போடறது. கிளாஸ் முடிஞ்ச உடனே டீச்சரம்மா அதைத் தூக்கிப் பின்சீட்டுல போட்டு, சீட்டைப் பின்னாடி தள்ளிடுவாங்க. இல்லாட்டி அவங்க முட்டி உள்ள போகாது. பதினெட்டு வருஷமா பார்க்கறேன், ஒருநாளும் மறந்ததில்ல."

"ஆறாம் தேதி மறந்திருக்காங்க."

"ஆறாம் தேதி கிளாஸ் முடியலம்மா" என்றார் மெக்கானிக். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. உடனே ஸ்பேனர் ஒன்றைத் தேடப் போய்விட்டார். அது அவர் கையிலேயே இருந்தது.

சின்னவரை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"அப்போ கடிதம் பொய்" என்றார் அவர், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு. "ஓட்டினது வேற ஆளு. குள்ளமான ஆளு. டீச்சரம்மா இடது சீட்டு. நாம இதை எழுதினா வண்டி கிடைக்காது. எழுதலேன்னா நாம துப்பறியறவங்க இல்ல. வாங்க அண்ணி, வீட்டுக்குப் போயிடலாம்."

"கம்பத்தைப் பார்த்துட்டுப் போகலாம்."

*

கம்பம் நேராகத்தான் நின்றது. காருக்கு நேர்ந்ததில் கம்பத்துக்குப் பெயின்ட் மட்டும்தான் போயிருந்தது. எதிரே பஞ்சர் கடை.

"பார்த்தேன்" என்றார் பஞ்சர் கடைக்காரர், ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே. "அப்பதான் கடையைத் திறந்தேன். பனி வேற. டமால்னு சத்தம். இடது பக்கத்துலேர்ந்து அந்த உயரமான அம்மா இறங்கினாங்க. வலது பக்கம் ஒருத்தர். அவர் இறங்கவே இல்ல."

"மயக்கமா?"

"மயக்கமெல்லாம் இல்ல. கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிபண்ணிக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்."

"கதவு மாட்டிக்கிச்சோ?"

"அந்தம்மா சுத்தி வந்து ஒரு கையால திறந்தாங்க. சுலபமாத் திறந்துச்சு. அப்புறம்தான் இறங்கினார். கைக்குட்டையை மூஞ்சில வெச்சுக்கிட்டுக் கிழக்கே நடந்துட்டார். கதவைக்கூடச் சாத்தல. சாத்தினதும் அந்தம்மாதான்." ட்யூபில் குமிழி வந்தது. அவருக்குத் தேடியது கிடைத்துவிட்டது. "நான் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருக்கேன். வண்டி கம்பத்துல மோதி நிக்குது, இவர் யாருக்குக் காத்திருந்தார்?"

"மாப்பிள்ளை மாதிரி" என்றார் சின்னவர்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். பெரியவர் ஒரு வழக்கின் முடிச்சைக் கண்டுபிடித்துவிட்டால் சட்டைப் பையில் பேனாவைத் தேடுவார். அண்ணி தேடவில்லை. கைப்பையை மட்டும் தோளில் ஏற்றிக்கொண்டார். ஆனால் அந்த அமைதி அதே அமைதி.

"தம்பி, கார் கதவைத் தானே திறக்காதவங்க யாரு?"

"குழந்தைங்க. அப்புறம், ஆயுசு பூரா டிரைவர் வெச்சிருக்கிறவங்க."

"கடிதத்துல 'காலை'ன்னுதான் இருந்துச்சு. மணி போடல."

சின்னவர் யோசித்தார். ஆறேகால் மணிப் பனியைப் பற்றிப் பேசியவர் ஒரே ஒருவர்தான். அவர் கால்கள் தரையைத் தொடாமல் தொங்கியது நினைவுக்கு வந்தது.

"அண்ணி, அவரே வந்து நம்மளை அமர்த்தினாரே. திருடன் எங்கேயாவது போலீசுக்கு வண்டி அனுப்புவானா?"

"அதைத்தான் அவர்கிட்ட கேட்கணும். ஒரு டாக்சி பிடிங்க."

*

நாலேகாலுக்கு இரும்புக்கடை வாசலில் டாக்சி நின்றது. ரிப்போர்ட்டைப் பற்றிப் போகிற வழியில் பேசிக்கொள்ளலாம் என்றார் அண்ணி. சின்னவர் கதவைத் திறந்து பிடித்தார். செயலாளர் ஏறினார்.

"எல்லாம் சரிதானேம்மா?"

"ஒரே ஒரு விஷயம் பாக்கி."

நாலரைக்குச் சங்கக் கட்டடத்தின் முன்னால் வண்டி நின்றது. டாக்சி டிரைவரிடம் அண்ணி முன்பே சொல்லியிருந்தார். அவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அண்ணி ஒரு பக்கம் இறங்கினார். முன்சீட்டிலிருந்து சின்னவர் இறங்கினார். இருவரும் நடைபாதையில் போய் நின்றார்கள்.

செயலாளர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. செயலாளர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாய் வந்து டாக்சியின் சக்கரத்தை மோந்துவிட்டுப் போயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டார்.

"தாங்க முடியல அண்ணி" என்றார் சின்னவர் மெதுவாக. "போய்த் திறந்துடட்டுமா?"

அண்ணி ஜன்னலருகே குனிந்தார். "கதவு பூட்டலை சார்."

"தெரியும்மா" என்று சொல்லிக் கையைத் தூக்கிய செயலாளர் பாதியில் நிறுத்தினார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். தள்ளி நின்ற சின்னவரைப் பார்த்தார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"பஞ்சர் கடைக்காரரா?"

"அவருக்கு உங்க முகம் தெரியாது."

"டீச்சரா?"

"அவங்க வாயே திறக்கல."

செயலாளர் மடியில் கைகளை வைத்துக்கொண்டார். "சின்ன வயசுல லாரி ஓட்டினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு இப்ப ஞாபகமில்ல. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. போன மாசம் என் டிரைவர் தன் மகள் வீட்டோட போயிட்டார். புது டிரைவர் வெச்சா, 'லாரி ஓட்டினவருக்கு எதுக்கு?'ன்னு கேட்பாங்க. யாருக்கும் தெரியாம கத்துக்கலாம்னு போனேன். பிரேக்குன்னு நெனச்சு மத்ததை மிதிச்சுட்டேன். டீச்சர் அவங்க பிரேக்கை மிதிச்சாங்க. கம்பம் ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு."

"விசாரிக்க எங்களை ஏன் கூப்பிட்டீங்க?"

செயலாளர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"விசாரணை வேணும்னு மில்காரர் பிடிவாதம். பெரியவர் இருந்திருந்தா வேற ஆபீசுக்குப் போயிருப்பேம்மா. அவர் இல்லேன்னு… நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்துடுவீங்கன்னு நெனச்சேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"புரியுது" என்றார் அண்ணி. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் பார்த்ததை எழுதப்போறேன்."

"எழுதினா டீச்சருக்கு வண்டி கிடைக்காது. அவங்க பண்ணின ஒரே தப்பு எனக்காகப் பொய் சொன்னது."

"ஆமா. என் காகிதம் உள்ள போறதுக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அதுக்கு முன்னாடி நீங்க உள்ள போகலாம்."

செயலாளர் கதவில் கையை வைத்துத் திருகினார். ஜன்னல் கண்ணாடி மேலே ஏற ஆரம்பித்தது.

"அது கண்ணாடி சார்" என்றார் சின்னவர். "பக்கத்துல இருக்கிறதை இழுங்க."

*

கமிட்டி ஏழு பேர். மேஜையின் கடைசியில் டீச்சரம்மா நின்றார். உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. செயலாளர் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லி முடித்தார்.

"லாரி?" என்றார் ஒருவர்.

"இல்ல."

"ஒரு லாரிகூடவா?"

"இல்ல."

டீச்சரம்மா குறுக்கிட்டார். "ஓட்டினது நான்தான். ரெண்டாவது பிரேக் என் காலுக்குக் கீழ இருக்கு. அது அங்க இருக்கிற வரைக்கும் வண்டி என் பொறுப்பு. அப்படித்தான் எழுதினேன்."

"தனியான்னு எழுதியிருக்கீங்க" என்றார் மில்காரர். அவருக்கு எழுபது வயது. விதிப் புத்தகத்தைப் பார்க்காமலே விதி சொல்பவர். "அது பொய். விண்ணப்பம் தள்ளுபடி. மூணு வருஷம்."

டீச்சரம்மா தலையசைத்தார். அவர் எதிர்பார்த்து வந்தது அதுதான் போலிருந்தது.

"வண்டியை நான் வாங்கித் தரேன்" என்றார் செயலாளர்.

"வேண்டாம் சார். கத்துக்க வந்தவங்ககிட்ட நஷ்டஈடு வாங்கினேன்னு வெளியில தெரிஞ்சா, நாளைக்கு என் வண்டில ஏர்றவங்க பயந்துக்கிட்டே ஏறுவாங்க. பயந்த கால் தப்பான இடத்துலதான் மிதிக்கும். பதினெட்டு வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் வாங்கினதில்ல."

"அப்போ பள்ளிக்கூடம் போயிடுமே."

"போகட்டும்."

சின்னவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணியிடம் இதற்குமேல் துப்பு எதுவும் இல்லை. இருவரும் மில்காரரைப் பார்த்தார்கள். மில்காரர் டீச்சரம்மாவின் கடிதத்தை நான்காக மடித்து ஓரமாக வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து வந்து செயலாளர் முன்னால் போட்டார்.

"விதி பதினொண்ணு. ஒரு உறுப்பினரால இன்னொரு உறுப்பினரோட தொழில் வண்டி போச்சுன்னா, காரணமானவர் சங்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். வண்டியை சங்கம் குடுக்கும். ஆனா என்ன நடந்துச்சுன்னு அவர் கையெழுத்துல இருக்கணும். வாசல்ல ஏழு நாள் ஒட்டி வைப்போம். ஆட்சேபம் இருக்கிறவங்க அடியில எழுதலாம்."

"வாசல்லயா?" என்றார் செயலாளர்.

"வாசல்லதான். எல்லா விண்ணப்பமும் அங்கதான். இது நீங்க கொண்டுவந்த விதி."

செயலாளர் பேனாவை எடுத்தார். பல வருஷங்களாக மற்றவர்களின் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்ட பேனா. விண்ணப்பம் எழுதியதில்லை. எப்படித் தொடங்குவது என்று டீச்சரம்மாவைக் கேட்டார்.

"'ஐயா'ன்னு தொடங்குங்க" என்றார் டீச்சரம்மா. "மெதுவா. அவசரமில்ல."

அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று வரிகள்.

'ஐயா, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும்போது டீச்சரின் வண்டியைக் கம்பத்தில் மோதி உடைத்துவிட்டேன். அவருக்கு வேறு வண்டி கிடைக்கச் சங்கம் உதவ வேண்டுகிறேன்.'

அண்ணி கைப்பையிலிருந்து தன் ரிப்போர்ட்டை எடுத்து, ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, மேஜைமேல் வைத்தார். அதில் எழுதியிருந்ததும் மூன்று வரிகளில் இருந்ததும் ஒன்றுதான். சின்னவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அண்ணியுடையதில் நேரமும் போட்டிருந்தது.

மறுநாள் காலையில் விண்ணப்பம் வாசலில் ஏறியது. முதல் நாள் கூட்டம் கூடியது. இரண்டாம் நாள் இரும்புக்கடையில் வழக்கத்தைவிட அதிகம் பேர் ஒற்றை ஆணி வாங்க வந்தார்கள். செயலாளர் கல்லாவை விட்டு நகராமல் எல்லோருக்கும் ஆணி கொடுத்தார். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஆட்சேபம் எழுதும் இடம் காலியாகவே இருந்தது. மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் சின்னவர் அந்தப் பக்கம் போனபோது, காகிதத்தின் அடியில் நடுங்கிய கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. கீழே மில்காரரின் கையெழுத்து. சின்னவர் இரண்டு முறை படித்துவிட்டு அண்ணிக்குப் போன் செய்தார்.

"ஆட்சேபமா?" அண்ணியின் குரல் கொஞ்சம் அவசரமாக வந்தது.

"படிக்கிறேன், கேளுங்க. 'ஆட்சேபம் இல்லை. எனக்கும் ஓட்டத் தெரியாது. வண்டி வந்ததும் காலை ஐந்தரைக்கு இடம் காலியிருக்குமா?'"